ஒப்புக்கொள்ளாத நோயாளியும் நிற்காமல் நடக்க வேண்டிய வைத்தியமும்

என் மாமனார் தில்லியில் மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிறர் எழுதிக் கொண்டுவரும் எண்களைச் சந்தேகிப்பதே தொழிலாக வாழ்ந்த மனிதரிடம், உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று ஓர் ஆய்வகத் தாள் சொன்னால், அவர் முதலில் சந்தேகிப்பது அந்தத் தாளைத்தான். முனிர்காவில் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நோயாளி தன் நோயை ஏற்க மறுக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அந்த ஆண்டுகளில் நாங்கள் கண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நோயை ஒப்புக்கொள்ள வைப்பது ஒரு வேலை, நோய்க்கு வைத்தியம் நடப்பது வேறொரு வேலை. முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்க வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதல் வேலையிலேயே எல்லோருடைய சக்தியும் தீர்ந்துபோகிறது.

மாமா ஒருநாளும் ‘எனக்குச் சர்க்கரை இல்லை’ என்று சொன்னதில்லை. அப்படி நேராக மறுத்தால் நேராக மறுமொழி சொல்லலாம். அவர் சொன்னதெல்லாம் ‘கொஞ்சம் ஏறியிருக்கு’, ‘வயசானா வர்றதுதான்’, ‘பார்டர் லைன்’, ‘எங்க வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது’ என்பவைதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை இருந்தால்தான் அது எல்லைக்கோடு, 6.5-ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். அவருடைய முதல் அளவு 9.2. அந்த எண்ணை எல்லைக்கோடு என்று அழைக்க அவருக்குத் துணிச்சல் கொடுத்ததில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. நோயாளி பயந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ‘தோடா சா ஷுகர் ஹை, அங்கிள்’ (கொஞ்சம்தான் சர்க்கரை இருக்கு) என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்த ‘தோடா’வை மாமா ஒன்றரை ஆண்டு காப்பாற்றி வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் அலுவலகத்தில் ஹிந்தி பேசியவருக்கு, மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன மற்ற வாக்கியங்கள் மட்டும் ‘அவர் வேகமாப் பேசறார், புரியலை’ என்று ஆகிவிடும்.

அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்தபோது அவர் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொண்டார். நீளமான கோடு போட்ட நோட்டில் தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின், குறிப்பு என்று நான்கு பத்திகள் பிரித்தார். அதிகமாக வந்த அளவுகளைப் பென்சிலால் வட்டமிட்டுக் குறிப்புப் பத்தியில் காரணம் எழுதுவார்: 212, கல்யாணச் சாப்பாடு; 198, தூக்கமில்லை; 240, ஸ்டிரிப் பழசு. மாதக் கடைசியில், வட்டமிட்டவற்றை விதிவிலக்கு என்று தள்ளிவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி போட்டுச் சிவப்பு மையால் அடிக்கோடிடுவார். சராசரி எப்போதும் 130-ஐத் தாண்டாது. தணிக்கையில் இப்படி ஒரு கணக்கை யாராவது கொண்டுவந்திருந்தால் அவரே திருப்பி அனுப்பியிருப்பார். ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்குச் சில நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வதும் வழக்கம். வெறும் வயிற்று அளவு அழகாக வரும். ஹெச்.பி.ஏ.1.சி மட்டும் அந்தச் சில நாள் விரதத்துக்கு மசியாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருந்து, அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டிருப்பதுதான் காரணம்.

வேதனையான உண்மையை மறுப்பதை மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்றாக உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் 1936-இல் விவரித்தார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969-இல், மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளிடம் காணும் ஐந்து நிலைகளில் முதலாவதாக மறுப்பை வைத்தார். அந்த ஐந்தும் படிக்கட்டுபோல வரிசையாக வரும், முதல் படியில் நிற்பவர் தானாக அடுத்த படிக்கு ஏறிவிடுவார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் ஏறவில்லை. எனக்கு அதிகம் பயன்பட்டது பாஸ்டனில் ஹாக்கெட், காசெம் ஆகிய மருத்துவர்கள் இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனித்தவைதான். மாரடைப்பு வந்து படுத்திருக்கும் முதல் சில நாள்களில் ‘எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று நினைக்கும் நோயாளிக்குப் பதற்றம் குறைவாக இருக்கிறது. அந்த நேரத்தில் அது நல்லதுதான். அதே மனப்போக்கு வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ந்தால், மாத்திரையும் மறுபரிசோதனையும் கைவிடப்படுகின்றன. ஆகவே மறுப்பு எப்போதுமே கெட்டது என்று சொல்ல முடியாது. எந்த நோயில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு நாள் என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் இருக்கிறது, விஷமாகவும் இருக்கிறது.

மறுப்பு என்று நாம் பெயர் வைப்பதில் பாதி மறுப்பே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளக்கம் சரியாகக் கிடைக்காதவர், செலவுக்குப் பயந்து ‘எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது’ என்பவர், மருந்தின் பக்கவிளைவு தாங்காமல் சொல்லாமலே நிறுத்திவிட்டவர் ஆகியோரையும் நாம் பிடிவாதக்காரர் என்று ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். மாமா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் வயிற்றுப்போக்கு. டி.டி.சி. பேருந்தில் போகும்போது அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தை மருமகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கச் சொல்லி, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கேட்டது என் கணவர். தந்தையும் மகனும் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் பேசியது. நான் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

‘எங்க வம்சத்தில் கிடையாது’ என்பது எங்கிருந்து வந்தது என்பது ஒருநாள் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னதில்தான் தெரிந்தது. மாமாவின் தந்தை தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் காலில் புண் வந்து, ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்து, சில மாதங்களில் இறந்தவர். முள் குத்திய புண் என்பதுதான் குடும்பத்தில் வழங்கிய கதை. கடைசி நாள்களில் ஊசி போட்டார்கள் என்பதும், அது என்ன ஊசி என்பதும் கம்பவுண்டர் சொல்லி அத்தையின் மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. ‘இன்சுலின் போட்டாங்க, அதுக்கப்புறம் நிக்கலை’ என்று அந்த அம்மாள் சொன்னதை அத்தை நினைவில் வைத்திருந்தார்; மகன்களிடம் யாரும் சொல்லவில்லை. அல்லது, மாமாவும் அறிந்திருந்தார், அறிந்ததை எங்கோ மூடி வைத்திருந்தார். இன்றுவரை எனக்கு இது தெளிவாகவில்லை, கேட்பதாகவும் இல்லை. சர்க்கரை நோய் என்று ஒப்புக்கொண்டால் அடுத்தது ஊசி, ஊசிக்கு அடுத்தது கால், காலுக்கு அடுத்தது சாவு என்று ஒரு வரிசை அவருக்குள் இருந்திருக்கிறது. அந்த வரிசையின் முதல் எண்ணை மறுத்தால் மற்றவை எல்லாம் தள்ளிப்போகும். 9.2 என்ற அளவோடு அவருக்குத் தகராறு இல்லை, அதற்குப் பின்னால் நின்றவற்றோடுதான் என்பது புரிந்த பிறகு, ரிப்போர்ட்டை நீட்டி வாதாடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்தினோம். தாமதமாக, மிக முற்றிய நிலையில் இன்சுலின் தொடங்கப்பட்டதால்தான் அந்தக் காலத்தில் பலர் அதன் பிறகு பிழைக்கவில்லை, ஊசி கொன்றதால் அல்ல என்பதையும் அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. மருத்துவர், வேறொரு நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

இந்த மருத்துவர் நாங்கள் பார்த்த மூன்றாமவர். முதல் சந்திப்பிலேயே ரிப்போர்ட்டைத் திறக்காமல், ‘உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டார். மோசமான செய்தியைச் சொல்லும் முறை என்று 2000-இல் வகுக்கப்பட்டு மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படும் ஆறு படிகளில், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாவது படி, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது மூன்றாவது படி. செய்தியைச் சொல்வது நான்காவதுதான். நம் வீடுகளில் நான்காவதிலிருந்து தொடங்குகிறோம். மாமா ஹெச்.பி.ஏ.1.சி.யின் நம்பகத்தன்மை பற்றித் தம் ஆட்சேபத்தை விரிவாகச் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. ‘ஒரு விஷயம் சரிதான், ரத்தசோகை இருந்தா அந்த அளவு தப்பாக் காட்டலாம், பார்த்துடுவோம்’ என்று ஹீமோகுளோபினுக்கும் எழுதிக் கொடுத்தார். இரும்புச் சத்துக் குறைவில் அளவு கூடுதலாகவும், ரத்த இழப்பில் குறைவாகவும் காட்டக்கூடும் என்பது உண்மை. மாமாவுக்கு ரத்தசோகை இல்லை. ஆனால் அவருடைய ஆட்சேபம் கோப்பில் ஏறி, விசாரிக்கப்பட்டு, உரிய முறையில் தள்ளுபடியானது. அந்த நடைமுறைக்கு அவர் தலைவணங்கினார். அடுத்த மாதத்திலிருந்து நோட்டில் வட்டமிடும் பழக்கம் குறைந்தது, நின்றுவிடவில்லை.

அதற்கு முந்தைய மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் கிருத்திகைக்குப் போய் வந்தார். தில்லியின் மே மாத நண்பகலில் கருங்கல் தளம் எப்படிக் காயும் என்று போனவர்களுக்குத் தெரியும்; விரித்திருக்கும் சாக்கின்மேல் எல்லோரும் ஓடுவார்கள். மாமா நிதானமாக நடந்து பிரகாரம் சுற்றி வந்தார், அதைப் பெருமையாகவும் சொன்னார். மறுநாள் காலை இரண்டு உள்ளங்காலிலும் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளங்கள். ‘வலியே இல்லை, அப்புறம் என்ன?’ என்றார். சர்க்கரையால் நரம்பு கெட்ட காலில் வலி இல்லாததுதான் நோய். கோடையில் கோயில் தளத்தில் நடந்து இப்படிக் கால் வெந்துபோய் வருபவர்கள் தம்மிடம் ஆண்டுதோறும் உண்டு என்று பாதச் சிகிச்சைப் பிரிவில் சொன்னார்கள். கொப்புளத்தை வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது, மஞ்சள் பற்றுப் போடக் கூடாது, அந்தக் காலை ஊன்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பவை அங்கே முதலில் சொல்லப்பட்டவை.

அந்தப் பிரிவில் ஒரு செவிலியர் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. தொட்டது தெரிந்தால் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். இழை கட்டைவிரலில் வளைந்தது, விரலடி மேட்டில் வளைந்தது, ஓரத்தில் வளைந்தது. மாமா அமைதியாகக் காத்திருந்தார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, ‘எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?’ என்று கேட்டார். செவிலியர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, எதையும் சுட்டிக்காட்டவும் இல்லை; தாளில் குறித்துக்கொண்டு அடுத்த காலுக்குப் போனார். இதைப் பார்த்தபின் மாமா மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவரோ, அது தேய்ந்துபோன பழைய இழை என்றார்.

ஆனால் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கொண்டார். மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செய்யும் இந்தச் செருப்பின் பின்னால் நம் வேலூரின் கதை ஒன்று உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை கால்களை ஆராய்ந்து, விரல்கள் அழிவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாத காலை நோயாளி வழக்கம்போலவே பயன்படுத்துவதால்தான் என்று காட்டினார். உணர்வற்ற பாதத்துக்கான மிருதுவான காலணிகள் அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்தவை. சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே தர்க்கம்தான். மாமாவிடம் செவிலியர் இதையெல்லாம் சொல்லாமல், ‘முட்டிக்கும் நல்லது’ என்றார். மாமாவுக்கு முட்டிவலி உண்டு. இன்றும் அவர் அந்தச் செருப்பை முட்டிக்காகத்தான் போடுகிறார், வீட்டுக்குள்ளும் போடுகிறார், பார்க்க வருகிற நண்பர்களுக்கும் முட்டிக்காகச் சிபாரிசு செய்கிறார். அந்தக் காரணத்தைத் திருத்த எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. உறவினர் ஒருவர் ‘சுகர் செருப்பா?’ என்று சபையில் கேட்டதற்கு ஒரு வாரம் அது மூலையில் கிடந்தது.

சபை என்பது முக்கியம். ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, சாப்பாட்டு இலைக்கு முன்னால் ‘உங்களுக்கு ஜாங்கிரி வேண்டாமே’ என்று உரக்கச் சொல்வது, மருமகன் முன்னால் மகன் திட்டுவது ஆகியவை ஒவ்வொன்றும் மறுப்பை இன்னும் கெட்டியாக்குகின்றன. சமையல் என் கையில் இருந்ததால், அறிவிப்பு இல்லாமல் மாற்றக்கூடியவற்றை மாற்றினேன். கூட்டும் பொரியலும் முதலில், சோறு பின்னால். இரவில் இட்லியின் எண்ணிக்கையைக் குறைத்து சாம்பாரில் காயைக் கூட்டினேன். ஒரு தடவைக்கு ஒன்றுதான் கேட்பது என்றும் வைத்துக்கொண்டோம். இந்த மாதம் பாதம் பார்ப்பது மட்டும். கண் மருத்துவர் அடுத்த மாதம். பாதத்தை மருமகள் பார்ப்பதில் அவருக்குச் சங்கடம் என்பதால் அத்தை இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் பார்ப்பார். விரலிடுக்கு, குதிகால், நகத்தோரம்.

பொறுமை கூடாத இடங்களும் உண்டு. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று வியர்த்து, எரிச்சலாகி, ‘எனக்கு ஒன்றுமில்லை, விடு’ என்று சண்டை போட்டால் அது குணமல்ல, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். விவாதிக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். மூச்சிரைப்பும் காரணமற்ற வியர்வையும் வந்தால் ‘வாயு’ என்ற அவருடைய தீர்ப்பை ஏற்காமல் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். இடது கையும் காலும் விழுந்துபோனவர் ‘என் கை நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சாதித்தால், அது மனத்தின் மறுப்பே அல்ல. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வரும் அந்த அறியாமையை நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இலேயே தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். அவரைச் சம்மதிக்க வைக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நட்டம். புண்ணைச் சுற்றிக் கருத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். செருப்புக்குக் காட்டிய நயம் இங்கே உதவாது.

கடைசியாக, நோயை மறுப்பதும் வைத்தியம் ‘வேண்டாம்’ என்பதும் ஒன்றல்ல. சென்ற ஆண்டு மருத்துவர் இன்சுலின் தொடங்கலாம் என்றபோது, மாமா எல்லாவற்றையும் கேட்டு, என்ன ஆகலாம் என்பதைத் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லி, ‘இப்ப வேண்டாம்’ என்றார். என் கணவர் அவரை மீறிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். மருத்துவர் தடுத்தார். முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்கு மாற்றாகக் குடும்பத்தினரின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் நோயாளியின் தாய் கொடுத்த சம்மதமே செல்லாமல் போனது. ‘உங்கப்பா இப்ப மறுக்கலை, புரிஞ்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்றார், ரெண்டும் வேற’ என்று சொன்ன மருத்துவர், மாமாவிடமே திரும்பி, எந்த அளவைத் தாண்டினால் மறுபரிசீலனை செய்வீர்கள் என்று கேட்டார். மாமா 8.5 என்றார். மருத்துவர் 8 என்றார். கொஞ்சம் பேரம் நடந்து 8.2-இல் முடிந்தது, அது நோட்டில் அவர் கையெழுத்திலேயே, தேதியோடு, வட்டமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போதைய அளவு 7.9. அடுத்த பரிசோதனை தீபாவளிக்கு முன்பு என்கிறார் மாமா, பின்பு என்கிறார் மருத்துவர். அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லை.